மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கேள்வி, 2025 ஜனவரி 11

எனக்கு வயது 24. ஒரு வருடமாக பீரியட்ஸ் ஒழுங்காக வருவதில்லை. ஒரு முறை 40 நாளில் வந்தது, அடுத்தது 70 நாளில், நடுவில் ஒரு தடவை மூன்று மாதத்துக்கும் மேல் ஆனது. ஸ்கேன் பார்த்து நீர்க்கட்டி என்றார்கள். மாத்திரை போட்டால் வந்துவிடுகிறது, போடாவிட்டால் வருவதில்லை. வலி கிடையாது, வேறு தொந்தரவும் கிடையாது. மாதாமாதம் அவஸ்தைப்படாமல் இருப்பது நிம்மதியாகத்தான் இருக்கிறது. இதை அப்படியே விட்டுவிட்டால் என்ன அக்கா?

ஜனவரி 11, இரவு

விடக் கூடாது. வலி இல்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று ஆகாது.

ஒவ்வொரு சுழற்சியிலும் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வை வளர்க்கிறது. கருமுட்டை வெளியான பிறகு, அது இருந்த இடம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அந்தப் புரோஜெஸ்டிரோன்தான் சவ்வின் வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் அதன் அளவு இறங்கும், சவ்வு உதிரும். இதுதான் மாதவிடாய். முட்டை வெளியாகவே இல்லை என்றால் புரோஜெஸ்டிரோன் இல்லை. சவ்வு பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். எப்போதாவது தாங்காமல் உதிரும்போது ஒன்று அதிகமாகப் போகும், இல்லை திட்டுத்திட்டாக நாள்கணக்கில் இழுக்கும். இப்படியே வருடக்கணக்கில் விட்டால் உள்சவ்வு தடித்து, சிலருக்குக் கருப்பைப் புற்றுநோய் வரை போகும் ஆபத்து உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விடாதே என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நீ போடும் மாத்திரை அந்த இல்லாத புரோஜெஸ்டிரோனை வெளியிலிருந்து தருகிறது. நிறுத்தினதும் சில நாளில் ரத்தம் வரும். சவ்வைக் காப்பாற்ற அது உதவுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முட்டை ஏன் வெளியாகவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. உன்னிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜனவரி 12

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது. கர்ப்பத்துக்குத் துளி வாய்ப்பு இருந்தாலும், தள்ளிப்போனதும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. மாத்திரை அதற்குப் பிறகுதான். "எனக்குத்தான் ஒழுங்காக வராதே, கர்ப்பம் எப்படி" என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. முட்டை எப்போது வெளியாகும் என்று தெரியாது என்றால் வெளியாகவே ஆகாது என்று பொருள் இல்லை. குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் தடுப்பு முறையை விடவும் கூடாது.

ஜனவரி 12, மாலை

எப்படிக் கணக்கிடுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ரத்தம் வரத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். அங்கிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணுவது வழக்கத்தில் இருக்கிறது, அதில்தான் குழப்பம். மார்ச் 4 தொடங்கி 8 நின்று, ஏப்ரல் 6 மறுபடி வந்தால் சுழற்சி 33 நாள். நின்ற நாளிலிருந்து எண்ணினால் 29 என்று வரும், அது தவறு.

வயது வந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாளுக்குள் வந்தால் இயல்பு. 28 என்பது ஒரு சராசரி, அவ்வளவுதான். ஒரு மாதம் 27, அடுத்த மாதம் 32 என்று வந்தால் பதற வேண்டாம். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையில் ஒரு வாரம், ஒன்பது நாள் வரை வித்தியாசம் இருக்கலாம். காய்ச்சல், தூக்கம் கெட்டது, தேர்வு, துக்கம், பயணம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் ஒரே ஒரு முறை தள்ளிப்போவதும் சகஜம். அவசரக் கருத்தடை மாத்திரை போட்டிருந்தாலும் அந்த மாதம் முன்னே பின்னே ஆகும், ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தேதியோடு இன்னும் மூன்று விஷயம் குறித்து வையுங்கள்: எத்தனை நாள் போனது, எத்தனை நாப்கின், நடுவில் கறை பட்டதா. ஆறு மாதக் குறிப்பு கையில் இருந்தால் மருத்துவரிடம் "சரியாக வருவதில்லை டாக்டர்" என்று மொட்டையாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 14

என் கதையையும் சொல்ல வேண்டும், ஏன் காரணத்தைத் தேடச் சொல்கிறேன் என்று அப்போதுதான் புரியும்.

இருபதுகளின் கடைசியில் எனக்கும் இப்படித்தான். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளும். போய்ச் சொன்னால் மாத்திரை எழுதுவார்கள், வரும், நிறுத்துவேன், மறுபடி நிற்கும். வருடக்கணக்கில் ஓடியது. எந்த இடத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னிடம் பேசவில்லை. கடைசியில் பார்த்த மருத்துவர் ஸ்கேன் கேட்கவில்லை. "நீங்கள் தினமும் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வையுங்கள்" என்றார். பையில் இருந்த அட்டைகளைப் பரப்பினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே வந்தவர், வயிற்று உப்புசத்துக்காக நான் வெகுநாளாகப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையில் நிறுத்தினார். "மார்பில் பால் மாதிரி ஏதாவது கசிகிறதா?" கசிந்துகொண்டுதான் இருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

அந்த மாத்திரையில் அமில மருந்தோடு டொம்பெரிடோன் கலந்திருந்தது. டொம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு போன்ற வாந்தி மருந்துகள் பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றிவிடும். புரோலாக்டின் ஏறினால் மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் சமிக்ஞை மட்டுப்படும், முட்டை வெளியாகாது. ரத்தத்தில் பார்த்தார்கள், அதிகமாக இருந்தது. அந்த மாத்திரையை நிறுத்தி வேறு மாற்றினார்கள். மறுபரிசோதனையில் புரோலாக்டின் இறங்கியிருந்தது, அப்புறம் மாதவிடாயும் தானாக வரத் தொடங்கியது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்த அந்தச் சில நிமிடங்களுக்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஜனவரி 15

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர் மனநல மருந்தை நிறுத்தலாமா என்று கேட்கிறார். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ரிஸ்பெரிடோன் மாதிரி சில மருந்துகள் புரோலாக்டினை ஏற்றுவது உண்மை. ஆனால் அதைத் திடீரென நிறுத்தினால் வரும் ஆபத்து பெரிது. எழுதிக் கொடுத்தவரிடமே "எனக்கு மாதவிடாய் நின்றுவிட்டது" என்று சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவருக்கு வழி தெரியும். வலிப்பு மருந்து வால்ப்ரோயேட்டும் வேறு வழியில் மாதவிடாயைக் கலைக்கலாம், அதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

மருந்து எதுவும் சாப்பிடாமலே புரோலாக்டின் அதிகமாக இருந்தால் தைராய்டைப் பார்ப்பார்கள். தைராய்டு குறைந்தாலும் இது ஏறும். அதுவும் இல்லை என்றால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ. கட்டி என்றதும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் புற்றுநோய் இல்லாத, மாத்திரைக்கே சுருங்கும் வகைதான். தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினால் மட்டும் நாள் கடத்தக் கூடாது.

ஜனவரி 19

இப்போது அந்த "நீர்க்கட்டி". இந்தச் சொல்லால் எத்தனை பெண்கள் தூக்கம் கெட்டிருக்கிறார்கள்! ஸ்கேனில் தெரிகிறவை உண்மையில் கட்டிகள் அல்ல. பாதி வளர்ந்து நின்றுவிட்ட முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. அறுத்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் பிசிஓஎஸ். அப்படிச் சொல்ல வயது வந்தவர்களுக்கு மூன்றில் இரண்டு வேண்டும் என்பது 2003 முதல் உள்ள அளவுகோல். ஒன்று, மாதவிடாய் ஒழுங்கின்மை. இரண்டு, ஆண் ஹார்மோன் கூடுதல்: முகத்தில், தாடையில் தடித்த முடி, அடங்காத பரு, உச்சந்தலை முடி கொட்டுதல், அல்லது ரத்தத்தில் அளவு அதிகம். மூன்று, ஸ்கேனில் அந்தத் தோற்றம். 2023 சர்வதேச வழிகாட்டுதலில் ஸ்கேனுக்குப் பதிலாக, முட்டைப் பைகள் சுரக்கும் ஹார்மோனை அளக்கும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையையும் ஏற்றுக்கொண்டார்கள். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. ஸ்கேன் மட்டும் அப்படி இருந்து, மாதவிடாய் ஒழுங்காக வந்து, முடி, பரு எதுவும் இல்லை என்றால் அது பிசிஓஎஸ் இல்லை.

முக்கியமான நிபந்தனை ஒன்று: தைராய்டு, புரோலாக்டின் போன்ற மற்றக் காரணங்களை விலக்கிய பிறகுதான் இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். ஸ்கேன் தாளை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்றால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

ஜனவரி 20

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறாள்: தாடையில் முடி உண்டு, அடிக்கடி பிடுங்குகிறாளாம். கழுத்தின் பின்புறம் கறுத்து வெல்வெட் போல இருக்கிறது, அழுக்கு என்று நினைத்து தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருக்கிறாள். தேய்க்காதே அம்மா. அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அடையாளம். உனக்கு பிசிஓஎஸ் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் தைராய்டும் புரோலாக்டினும் பார்க்காமல் முடிவு கட்டாதே. கூடவே சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு முறையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் எடுப்பது நல்லது. வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்தால் சிலருடையது தெரியாமலே போகும்.

எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களிடம் "எடையைக் குறை" என்று சொல்வது அபத்தம். குழந்தை இப்போது வேண்டாம் என்றால் கூட்டுக் கருத்தடை மாத்திரை உள்சவ்வையும் காக்கும், முடியையும் பருவையும் அடக்கும். ஆனால் பார்வையில் மின்னல் வெட்டுவது போல வந்து தொடங்கும் ஒற்றைத் தலைவலி, கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த சரித்திரம், உயர் ரத்த அழுத்தம் இவை இருந்தால் அந்த மாத்திரை கூடாது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழந்தை வேண்டும் என்றால் முட்டையை வெளிவர வைக்கும் லெட்ரோசோல் இருக்கிறது. பிசிஓஎஸ் என்றால் தாயாக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. மனசு சோர்ந்து போனாலும் மருத்துவரிடம் சொல். இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம், அதையும் விசாரிக்க வேண்டும் என்றே வழிகாட்டுதல் சொல்கிறது.

ஜனவரி 27

ஒரு அம்மா கேட்கிறார்: மகளுக்கு 13 வயது, பருவமடைந்து ஒரு வருடம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது.

12ஆம் தேதி நான் சொன்ன 24–38 கணக்கு சிறுமிகளுக்குப் பொருந்தாது. முதல் சில வருடங்கள் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான அந்தத் தொடர்பு முதிர்ந்துகொண்டிருக்கும், பல சுழற்சிகளில் முட்டையே வராது. முதல் மூன்று வருடம் 21 முதல் 45 நாள் வரை இயல்பு என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் வருடத்தில் இன்னும் முன்பின் ஆவதும் உண்டு. ஆனால் எந்த வயதிலும் 90 நாள் தாண்டினால் காட்ட வேண்டும். 15 வயதாகியும் பருவமடையவில்லை, அல்லது 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும்.

இந்த வயதில் ஸ்கேனை வைத்து நீர்க்கட்டி என்று பயமுறுத்த விடாதீர்கள். வளரும் பெண்களின் சினைப்பை இயல்பிலேயே அப்படித்தான் தெரியும். பருவமடைந்து எட்டு வருடம் ஆகும் வரை பிசிஓஎஸ்ஸைத் தீர்மானிக்க ஸ்கேனோ ஏஎம்எச்சோ பயன்படுத்தக் கூடாது என்பதே அந்த 2023 வழிகாட்டுதல். பிள்ளையின் முன்னால் "இவளுக்கு ஏதோ கோளாறு" என்று பேசாமல் இருப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

பிப்ரவரி 2

தள்ளிப்போவதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அதிகமாகப் போவதைச் சொல்லவில்லை. எவ்வளவு போனால் அதிகம்? ஆராய்ச்சிக் கணக்கில் ஒரு சுழற்சிக்கு 80 மில்லிக்கு மேல். வீட்டில் யார் அளக்கப் போகிறார்கள்? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, இரவில் அதற்காகவே எழுந்திருக்கிறீர்களா, இரண்டரை சென்டிமீட்டருக்குப் பெரிய கட்டிகளாகப் போகிறதா, எட்டு நாள் தாண்டுகிறதா, அந்த நாட்களில் வெளியே போகவே பயமாக இருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் அது அதிகம்தான். "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்பதைக் கேட்டால் எனக்குக் கூடுதல் கவலை வருகிறது. ரத்தம் உறைவதில் உள்ள குறை குடும்பத்தில் ஓடும். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காதது, சும்மா இடித்தாலே கன்றிப்போவது, பருவமடைந்த முதல் மாதத்திலிருந்தே அதிகமாகப் போவது என்று இருந்தால் வான் வில்லபிராண்ட் நோய்க்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

முப்பது, நாற்பது வயதில் புதிதாக அதிகமானால் நார்க்கட்டி, பாலிப் எனும் சின்னச் சதை வளர்ச்சி, உள்சவ்வு தசைக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸ் எல்லாம் பார்ப்பார்கள். தாமிரக் காப்பர் டி போட்டவர்களுக்கும் கூடும். கருப்பையை எடுப்பதுதான் ஒரே வழி என்று எடுத்த எடுப்பில் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். டிரானெக்ஸாமிக் அமிலம், மெஃபனாமிக் அமிலம், ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் என்று படிப்படியாக வழிகள் இருக்கின்றன.

பிப்ரவரி 3

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்றதோடு நிறுத்தாதீர்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் பாருங்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கும்போதும் ஹீமோகுளோபின் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, எந்நேரமும் அசதி என்று இருப்பவர்களுக்குச் சேமிப்பு காலியாக இருக்கலாம்.

பிப்ரவரி 10

அன்றைக்கே, அந்த நேரத்திலேயே போக வேண்டியவை. இதை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் முழுக்க நனைவது. ரத்தப்போக்கோடு தலை சுற்றல், மயக்கம், நெஞ்சு படபடப்பு. நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, அதோடு தோள்பட்டை நுனியில் வலி: கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம், உயிர் போகும் விஷயம். இதில் லேசாகக் கறை பட்டாலும், "பீரியட்ஸ் வந்துவிட்டது" என்று ஏமாந்துவிடக் கூடாது. காய்ச்சலும் அடிவயிற்று வலியும் துர்நாற்றமான கசிவும் சேர்ந்து வருவது.

அவசரம் இல்லை ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்பவை: 90 நாள் வராதது, 24 நாளுக்குள் மறுபடி மறுபடி வருவது, நடுவில் கறை படுவது, உறவுக்குப் பின் ரத்தம், ஒழுங்காக வந்துகொண்டிருந்தது திடீரென்று மாறுவது. உறவுக்குப் பின் ரத்தம் என்றால் கருப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும்.

பிப்ரவரி 16

ஓட்டப் பயிற்சி எடுக்கும் ஒரு பெண், "ஆறு மாதமாக வரவில்லை, பயிற்சியாளர் அது நல்ல உடற்தகுதிக்கு அடையாளம் என்கிறார்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அது தகுதிக்கு அடையாளம் இல்லை. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ப உள்ளே போகவில்லை என்றால் மூளை முதலில் நிறுத்துவது இனப்பெருக்க வேலையைத்தான். இங்கே முட்டையும் வராது, ஈஸ்ட்ரோஜனும் இருக்காது. ஜனவரி 11ஆம் தேதி சொன்னதற்கு நேர் எதிர்: சவ்வு தடிக்காது, எலும்பு தேயும். இளவயதில் சேர்க்க வேண்டிய எலும்பைச் சேர்க்காமல் விட்டால் பின்னால் முழுவதும் ஈடுகட்ட முடிவதில்லை. காலில், பாதத்தில் மெல்லிய எலும்பு முறிவு வந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள் தங்கையே. கருத்தடை மாத்திரை கொடுத்து ரத்தம் வரவைப்பது இதற்குத் தீர்வு ஆகாது, மூலகாரணத்தை அது மறைத்துவிடும். சாப்பாட்டைக் கூட்ட வேண்டும், பயிற்சியைக் குறைக்க வேண்டும். சாப்பிடுவதற்கே பயமாக இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லி உதவி கேளுங்கள்.

மார்ச் 1

ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு. சினைப்பையை இயக்கும் எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்கள் இரண்டையும் மாதவிடாயின் 2 முதல் 5ஆம் நாளுக்குள் எடுத்தால் அர்த்தம் உள்ள எண் கிடைக்கும். முட்டை வெளியானதா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோனை எல்லோருக்கும் 21ஆம் நாள் என்று எழுதிவிடுகிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு மட்டும்தான் சரி. முட்டை வெளியான பிறகு உள்ள பகுதி ஏறக்குறைய இரண்டு வாரம், முன்பகுதிதான் நீளும். 40 நாள் சுழற்சி என்றால் முட்டை 26ஆம் நாள் வாக்கில் வரும், பரிசோதனை 33ஆம் நாள் வாக்கில். 21ஆம் நாள் எடுத்து "முட்டையே வரவில்லை" என்று சொன்னால் பாவம், வராத நாளில் பார்த்திருக்கிறார்கள்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டு பரிசோதனை எண்ணைப் பொய்யாக மாற்றிவிடும்.

மார்ச் 9

37 வயது, சில மாதமாக வரவில்லை, உடம்பு திடீர் திடீரென்று தகிக்கிறது, இரவில் வியர்க்கிறது என்று ஒருவர். நாற்பதுக்கு முன் இப்படி இருந்தால் "சீக்கிரமே நின்றுவிட்டது, விடுதலை" என்று இருந்துவிட முடியாது. சினைப்பை முன்கூட்டியே ஓய்கிறதா என்று எஃப்எஸ்எச் பார்க்க வேண்டும். உறுதியானால், தடை எதுவும் இல்லாத பட்சத்தில், இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. நாற்பதைத் தாண்டியவர்கள் ஹார்மோன் எடுப்பது பற்றிக் கேள்விப்பட்ட பயங்களை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இங்கே இல்லாமல் போனதைத் திருப்பித் தருகிறார்கள்.

நாற்பதுகளின் நடுவில் நானும் இப்போது இருக்கிறேன், இடைவெளி மாறத் தொடங்கிவிட்டது. அது இயற்கை. ஆனாலும் அதிகமாகப் போனாலோ நடுவில் கறை பட்டாலோ வயதின் மேல் பழி போட மாட்டேன், போய்க் காட்டுவேன்.

மார்ச் 22

"அம்மாவுக்கு 58, நின்று ஏழு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரே ஒரு நாள் லேசாகக் கறை பட்டதாம், இப்போது இல்லை. பார்க்க வேண்டுமா?"

பார்க்க வேண்டும், இந்த வாரமே. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்து முழுவதுமாக நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் காரணம் தெரிந்தாக வேண்டும். பெரும்பாலும் பிறப்புறுப்பு வறட்சி, சின்னப் பாலிப் என்றுதான் இருக்கும். கருப்பைப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுப்பதும் இப்படித்தான், அந்தக் கட்டத்தில் நன்றாகவே குணமாகும். உள்வழி ஸ்கேனில் உள்சவ்வு எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். 4 அல்லது அதற்குக் கீழ் இருந்து மறுபடி கறை படாவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. அதிகம் என்றால் கொஞ்சம் சவ்வை எடுத்துச் சோதிப்பார்கள். அம்மா கூச்சப்பட்டு "அது ஒன்றுமில்லை" என்பார். நீங்கள் கூடவே போங்கள்.